இதுபோல் இன்னும் எங்கே?

2023 பிப்ரவரி 4 அன்று தெற்குக் கரோலினா கடலோரத்துக்கு அப்பால் சீனப் பலூன் ஒன்றை அமெரிக்கப் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. சுமார் 60 மீட்டர் உயரமுள்ள அந்தப் பலூன் எந்த வழியாக வந்தது என்பது அதுவரை அரசு வாய்திறந்த அளவுக்கே வெளியில் தெரிந்திருந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் சிந்தெட்டிக் என்னும் நிறுவனத்தை நடத்தும் கோரி ஜஸ்கோல்ஸ்கி, பலூன் விண்ணிலிருந்து எப்படித் தெரியும் என்று யோசித்துக் கையால் ஒரு படம் வரைந்தார். அதைத் தன் மென்பொருளிடம் கொடுத்து, பிளானெட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் படங்களில் இதுபோல் ஏதாவது இருக்கிறதா என்று தேடவிட்டார். இரண்டு நிமிடத்துக்குள் முதல் படம் சிக்கியதாக அந்த நிறுவனம் சொன்னது. அங்கிருந்து நாள் நாளாகப் பின்னோக்கிப் போனதில் பாதை சீனாவின் ஹைனான் தீவு வரை நீண்டது. நியூயார்க் டைம்ஸ் அதை வெளியிட்டது.

அவர் என்ன வரைந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். வெள்ளை உருண்டையை வரைந்திருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது. பிளானெட்டின் கேமரா சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரே கணத்தில் பதிவு செய்வதில்லை. நொடியின் சிறு பகுதி இடைவெளி விட்டுப் பதிவு செய்கிறது. தரையில் இருக்கும் பொருளானால் மூன்று பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திவிடலாம். தரையிலிருந்து 18 கிலோமீட்டர் உயரத்தில் மிதப்பது அப்படிப் பொருந்தாது. ஒவ்வொரு நிறத்திலும் சற்று விலகி, மூன்று வண்ண வட்டங்களாக விழும். ஜஸ்கோல்ஸ்கி வரைந்து கொடுத்தது அந்த வண்ண வட்டங்களைத்தான். கேமராவின் குறையே அவருக்கு அடையாளமாகிவிட்டது.

வழக்கமான வரைபடத் தேடலுக்கு ஒரு பெயர் வேண்டும். இல்லாவிட்டால் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற பொது வரைபடத்தில் யாராவது ஒரு தன்னார்வலர் 'நீர்த்தொட்டி', 'பள்ளி' என்று குறித்து வைத்திருந்தால் அந்த வகையைச் சொல்லித் தேடலாம். காட்டுக்குள் தங்கம் தோண்டிய குழியையோ, அனுமதி இல்லாத சூளையையோ, இரவோடு இரவாகப் போடப்பட்ட விமான ஓடுதளத்தையோ யாரும் அப்படிக் குறித்து வைப்பதில்லை. சிலவற்றுக்குப் பெயரே கிடையாது. அவற்றுக்கு ஒரே வழி, ஒன்றைச் சுட்டிக்காட்டி 'இதுபோல் இன்னும் எங்கே இருக்கிறது?' என்று கேட்பது. அப்படிக் கேட்க உதவும் கருவிகள் கடந்த பத்தாண்டுகளில் பலவாகப் பெருகியிருக்கின்றன. அவை கண்டுபிடிப்பதில் கெட்டி, கணக்கெடுப்பதில் மோசம் என்பது என் கருத்து. இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

எண்ணம் புதிதல்ல. 1990களிலேயே ஐபிஎம் நிறுவனம் கியூபிக் என்ற அமைப்பில் நிறத்தையும் இழைநயத்தையும் வைத்து ஒத்த படங்களைத் தேடிக் காட்டியது. 2007இல் மிசௌரி பல்கலைக்கழகத்தார் ஜியோஐரிஸ் என்ற பெயரில் செயற்கைக்கோள் படங்களுக்கென்றே ஒரு தேடல் அமைப்பை உருவாக்கினார்கள். 2010இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மெர்செட் வளாகத்தில் யி யாங், ஷான் நியூசம் இருவரும் வெளியிட்ட 2,100 படங்களின் தொகுப்பு நெடுங்காலம் இத்துறையின் தேர்வுத்தாளாக இருந்தது: 21 வகை, வகைக்கு 100 படம். அந்த 21இல் பேஸ்பால் மைதானம் ஒன்று, கோல்ஃப் மைதானம் ஒன்று, டென்னிஸ் ஆடுகளம் ஒன்று. உலகத்து விவசாயம் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு வகை. தேர்வுத்தாள் இப்படி இருந்தால் மாணவன் எதைப் படித்திருப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை.

பொதுமக்கள் கையில் கிடைத்த முதல் குறிப்பிடத்தக்க கருவி 2016 மே மாதம் வந்த டெரபேட்டர்ன். அதைச் செய்தவர்களில் முதன்மையானவர் கோலன் லெவின். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினியை ஓவியத் தூரிகையாகப் பயன்படுத்தும் கலைஞர். டேவிட் நியூபரி, கைல் மெக்டொனால்ட் ஆகியோர் உடன் நின்றார்கள். நைட் அறக்கட்டளை சிறு நிதி கொடுத்தது. நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ, பிட்ஸ்பர்க், டெட்ராய்ட் என்று சில நகரங்களின் படங்கள் மட்டுமே அதில் இருந்தன. படத்தில் ஓரிடத்தைச் சொடுக்கினால் அதுபோன்ற இடங்கள் நகரம் முழுவதிலிருந்தும் வரிசையாக வந்து நிற்கும். ராணுவமும் பெருநிறுவனங்களும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பார்வையைச் செய்தியாளர்களுக்கும் சாதாரணக் குடிமக்களுக்கும் கொடுப்பதே நோக்கம் என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். ஒரு கலைக்கூடத்திலிருந்து இது வந்தது எனக்கு வியப்பளிக்கவில்லை. நிறுவனங்கள் செயற்கைக்கோள் படங்களில் கார் எண்ணிக்கொண்டும் எண்ணெய்த் தொட்டியின் நிழலை அளந்துகொண்டும் இருந்தன. எதற்கென்று தெரியாமலே பார்க்கும் வழக்கம் கலைஞர்களுக்குத்தான் உண்டு.

உள்ளே நடப்பது இதுதான். நிலப்பரப்பு முழுவதையும் சிறு சிறு சதுரக் கட்டங்களாக வெட்டுகிறார்கள். ஒரு நரம்பு வலையமைப்புக்கு முதலில் ஏதோ ஒரு வேலை கற்றுக்கொடுக்கப்படுகிறது. டெரபேட்டர்னில் அது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்த 466 வகைகளில் ஒரு படம் எந்த வகை என்று சொல்லும் வேலை. கற்று முடித்த பிறகு வலையமைப்பு சொல்லும் விடையை யாரும் கேட்பதில்லை. விடைக்கு முந்தைய அடுக்கில் அது மனத்துக்குள் போட்டுவைத்த நூற்றுக்கணக்கான எண்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எம்பெடிங் என்று துறையினர் சொல்வது இந்த எண்வரிசையைத்தான். இரண்டு கட்டங்களின் எண்வரிசைகள் எவ்வளவு நெருங்குகின்றனவோ அந்த அளவுக்கு அவை ஒத்தவை. மாப்பிள்ளையையோ பெண்ணையோ நேரில் பார்க்காமல் இரண்டு ஜாதகக் கட்டங்களை அருகருகே வைத்துப் பொருத்தம் பார்ப்பது போன்ற வேலை இது. ஜாதகத்தில் எந்தக் கட்டத்தில் எந்தக் கிரகம் என்றாவது தெரியும்; இங்கே 217ஆவது எண் எதைக் குறிக்கிறது என்பது வலையமைப்பைக் கட்டியவருக்கே தெரியாது.

நகர அளவில் இருந்ததை ஒரு நாட்டின் அளவுக்குக் கொண்டுபோனது நியூ மெக்சிகோவின் டேகார்ட் லேப்ஸ். லாஸ் அலமோஸ் ஆய்வகத்திலிருந்து பிரிந்து வந்தவர்கள் தொடங்கிய நிறுவனம் அது. 2017இல் அவர்கள் திறந்துவிட்ட தேடல் பக்கத்தில், அமெரிக்க வேளாண்மைத் துறை பயிர்க்காலத்தில் எடுத்த ஒரு மீட்டர் நுணுக்கமுள்ள வான்படங்கள் இருந்தன. உலகம் முழுமைக்கும் லேண்ட்சாட் 8 செயற்கைக்கோளின் படங்கள் இருந்தன. அமெரிக்கப் பெருநிலம் மட்டும் ஒன்றையொன்று தழுவும் ஏறத்தாழ 200 கோடிக் கட்டங்கள். தேட ஆன நேரம் சுமார் 0.1 நொடி. 2019இல் வெளியிட்ட கட்டுரையில் இதை எப்படிச் செய்தார்கள் என்று விளக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் 512 எண். ஒவ்வொரு எண்ணையும் பூஜ்யம் அல்லது ஒன்று என்று முரட்டுத்தனமாகச் சுருக்கிவிட்டார்கள். ஆக, ஒரு கட்டத்துக்கு 64 பைட். 200 கோடியால் பெருக்கினால் 128 ஜிகாபைட்: ஒரு நாட்டுப் பெருநிலத்தின் தோற்றம் கைபேசிச் சேமிப்புக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டு கட்டங்களை ஒப்பிட, எத்தனை இடத்தில் பூஜ்யமும் ஒன்றும் மாறியிருக்கின்றன என்று எண்ணினால் போதும். இவ்வளவு மழுக்கியும் விடை நன்றாக வந்ததுதான் அந்தக் கட்டுரையின் உண்மையான செய்தி என்று நினைக்கிறேன். காற்றாலையைச் சொடுக்கினால் காற்றாலை வந்தது. நிறுவனம் 2022இல் கைமாறியது. இலவசமாகத் திறந்துவிடப்படும் இத்தகைய பக்கங்கள் பெரும்பாலும் முதலீட்டாளருக்கான காட்சிப்பெட்டிகள். அவற்றை நம்பிப் பல ஆண்டு ஆய்வைத் திட்டமிடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

காற்றாலைக்குக் காற்றாலை வருகிறது, சரி. வயல் நடுவில் இருக்கும் கிணற்றைச் சொடுக்கினால்? வயல்கள் வரும். கட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு வயல். எண்வரிசையும் அதையே பேசும். பயனர் மனத்தில் இருப்பது கிணறு என்று கருவிக்குத் தெரிய வழியில்லை. கட்டத்தைச் சிறிதாக்கினால் கிணறு அகப்படும், ஆனால் தொழிற்சாலை நான்கு துண்டாகிவிடும். ஒத்திருப்பது என்பது பொருளில் இருக்கும் குணம் அல்ல. எந்த அளவில், எந்தப் பருவத்தில், எதற்காகப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. இந்த முடிவுகள் அனைத்தையும் கருவியைச் செய்தவர் முன்கூட்டியே எடுத்துவிடுகிறார். பயனருக்கு மிஞ்சுவது சொடுக்குவது மட்டும்.

வலையமைப்பு எதில் பயின்றது என்பதும் அப்படித்தான். நாய், பூனை, நாற்காலிப் படங்கள் நிறைந்த இமேஜ்நெட்டில் பயின்றவற்றுக்கு மேல்-கீழ் என்ற திசையுணர்வு உண்டு. செயற்கைக்கோள் படத்தில் மேலும் இல்லை, கீழும் இல்லை. ஐரோப்பாவின் 10 நாடுகளிலிருந்து எடுத்த 5,90,326 கட்டங்களைக் கொண்ட பிக்எர்த்நெட் 2019இல் வந்தபோது அளவில் அது பெரிய பாய்ச்சல். ஆனாலும் அது ஐரோப்பாவின் நிலம். பெயர்ச்சீட்டே இல்லாமல் பயில வைக்கும் முயற்சிகள் இங்கேதான் சுவையாகின்றன. 2018இல் ஸ்டான்ஃபர்டிலிருந்து வந்த டைல்2வெக் ஓர் எளிய விதியை எடுத்துக்கொண்டது: பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் கட்டங்கள் ஒத்திருக்கும், தொலைவில் இருப்பவை வேறுபடும். இந்த ஒரு விதியே வலையமைப்புக்கு நிறையக் கற்றுக்கொடுத்துவிட்டது. விதி பெரும்பாலும் உண்மை. அது பொய்யாகும் இடங்கள் எவை? ஆற்றங்கரை, கல்குவாரியின் விளிம்பு, குடிசைப் பகுதியும் அடுக்குமாடியும் சுவரைப் பகிரும் நகரம். செய்தியாளர் தேடிப் போகும் இடங்களும் பெரும்பாலும் அவையே.

கருவி தவறாகப் புரிந்துகொண்டால் திருத்தவாவது முடியுமா? முடியும், அதற்கான முறை பழையது. ஆவணத் தேடலுக்காக ரோச்சியோ 1971இல் வெளியிட்ட வழிமுறையின்படி, வந்த விடைகளில் 'இது ஆம், இது இல்லை' என்று பயனர் குறித்துக்கொண்டே போனால் கேள்வியே மெல்ல நகர்ந்து சரியான இடத்துக்கு வரும். எர்த் ஜீனோம் அமைப்பின் எர்த் இண்டெக்ஸ் கருவி இன்று செய்வதும் சாராம்சத்தில் இதுதான். ஒன்றிரண்டு மாதிரிகளைச் சொடுக்க வேண்டும். வந்தவற்றில் பிடித்ததையும் பிடிக்காததையும் பிரிக்க வேண்டும். திரும்பத் தேட வேண்டும். கிணற்றைக் கேட்டு வயல் வந்தால் வயலை 'இல்லை' என்று தள்ளிவிடலாம். இந்த இடத்தில்தான் கருவி விளையாட்டுப் பொருளாக இருப்பதை விட்டு ஆய்வுக்கு உதவத் தொடங்குகிறது. சாதாரண மொழியில் 'வட்டமான எண்ணெய்த் தொட்டிகள்' என்று எழுதித் தேடவிடும் ரிமோட்கிளிப் போன்றவையும் வந்துவிட்டன. அவற்றுக்குத் தெரிந்த சொற்கள் அவற்றைப் பயிற்றிய படக்குறிப்புகளில் இருந்த சொற்களே. என் பார்வையில் மாதிரியைக் காட்டிக் கேட்பது இன்னும் நேர்மையான வழி.

அமேசான் காட்டில் கிடைத்த வெற்றிகளை வைத்து மற்ற இடங்களை எடைபோடக் கூடாது. 2022இல் எல் பைஸ் நாளிதழும் வெனிசுவேலாவின் அர்மாண்டோ.இன்ஃபோவும் சேர்ந்து வெளியிட்ட புலனாய்வு, அந்நாட்டின் தென்பகுதியில் 3,718 சுரங்க இடங்களையும் 42 கள்ள ஓடுதளங்களையும் படங்களில் கண்டறிந்தது. புலிட்சர் மையமும் எர்த்ரைஸ் மீடியாவும் உதவின. பெரிய வேலை. ஆனால் களத்தைப் பாருங்கள்: எல்லை தெரியாமல் விரிந்த பச்சை, அதன் நடுவில் செம்மண்ணும் கலங்கிய குட்டைகளும். பின்னணி ஒரே சீராக இருக்கும்போது ஒத்தவற்றைத் தேடுவது எளிது. பின்னணியே நூறு வகையாகச் சிதறிக் கிடக்கும் தெற்காசியக் கிராமத்தில் அதே கருவி அதே தேர்ச்சியோடு வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

நம் கடற்கரையையே எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடியிலோ வேதாரண்யத்திலோ உப்பளம் என்பது கடலோரச் சமவெளியில் வரப்பு கட்டிய செவ்வகப் பாத்திகள். நாகை மாவட்டத்து இறால் பண்ணையும் கடலோரச் சமவெளியில் வரப்பு கட்டிய செவ்வகக் குளங்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் எடுத்த ஒரு படத்தை மட்டும் வைத்துத் தேடினால் இரண்டும் தண்ணீர் நிறைந்த கட்டங்களே. வித்தியாசம் கோடையில் வெளிப்படும்: பாத்தி வெளுக்கும், குளம் வெளுக்காது. இது வெறும் வகைப்பாட்டுச் சிக்கல் அல்ல. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் மரபு முறையல்லாத இறால் பண்ணைகளுக்கு இடமில்லை என்றது. பின்னர் 2005இல் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. எந்தச் செவ்வகம் எது என்பதில் ஒருவரின் பிழைப்போ இன்னொருவரின் குடிநீரோ தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்க்கும் எண்வரிசைகள் இந்தச் சிக்கலுக்கு ஓரளவு விடை. 2015இல் ஏவப்பட்ட ஐரோப்பியச் செயற்கைக்கோள் சென்டினல் 2ஏ, 2017இல் அதன் இணையான 2பி இரண்டும் சேர்ந்து நிலத்தை ஐந்து நாளுக்கொருமுறை 10 மீட்டர் நுணுக்கத்தில் படமெடுக்கத் தொடங்கியதும் இது சாத்தியமானது. படங்கள் யாருக்கும் இலவசம். நாசாவும் ஐபிஎம்மும் 2023இல் இத்தகைய எண்வரிசைகளைத் தரும் பிரித்வி என்ற மாடலை வெளியிட்டன. க்ளே என்ற திறந்த மாடல் தொடர்ந்தது. 2025 ஜூலையில் கூகுள் டீப்மைண்ட் அறிவித்த ஆல்ஃபாஎர்த் ஃபவுண்டேஷன்ஸ் இன்னும் ஒரு படி போனது. கட்டம் என்பதே அதில் போய்விட்டது. நிலத்தின் ஒவ்வொரு 10 மீட்டர் சதுரத்துக்கும் 2017 முதல் ஆண்டுக்கு ஒன்றாக 64 எண்கள். கேமராப் படத்தோடு, மேகத்தை ஊடுருவும் ரேடார், லேசரால் அளந்த மர உயரம், தட்பவெப்பத் தரவு எல்லாம் கலந்து பிழிந்த எண்கள் அவை. டேகார்ட் லேப்ஸ் 128 மீட்டர் பக்கமுள்ள கட்டத்துக்குச் செலவிட்ட அதே 64 பைட், இங்கே எண்ணுக்கு ஒரு பைட்டாக ஒரு வீட்டுமனை அளவுத் தரைக்குக் கிடைக்கிறது. வெளுக்கும் பாத்தியும் வெளுக்காத குளமும் இதில் பிரிந்துவிடும் என்று நம்ப இடமுண்டு.

ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. டெரபேட்டர்ன் காட்டிய இரண்டு படங்களைப் பார்த்து 'ஆமாம், ஒத்திருக்கின்றன' என்றோ 'இதுவும் அதுவும் எப்படி ஒன்று?' என்றோ யாரும் சொல்லலாம். ஆண்டு முழுவதின் ரேடாரும் வெப்பமும் கலந்த எண்கள் இரண்டு இடங்களை ஒத்தவை என்று சொல்லும்போது, கண்ணுக்கு எதுவும் ஒத்துத் தெரியாமல் போகலாம். கருவி நம்மைவிட ஆழமாகப் பார்க்கிறதா, தவறாகப் பார்க்கிறதா என்று பிரித்தறிய ஒரே வழி அங்கே போய்ப் பார்ப்பது. தோற்றத்தை வைத்துத் தேடும் கருவி என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தோற்றம் அதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

படமே இல்லாத இடத்தில் இவற்றால் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சீனாவின் சின்ஜியாங் தடுப்பு முகாம்களைத் தேடிய மேகா ராஜகோபாலன், அலிசன் கில்லிங், கிறிஸ்டோ புஷெக் மூவரும் சீனாவின் பைடு வரைபடத்தில் வேண்டுமென்றே வெறுமையாக்கப்பட்டிருந்த கட்டங்களைக் குறித்துக்கொண்டு, அதே இடங்களை வேறு நிறுவனப் படங்களில் போய்ப் பார்த்தார்கள். 2021இல் அவர்களுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. மறைத்த கையின் தடயத்தைப் பின்தொடர்ந்த அந்த யோசனை மனிதர்களுக்கு வந்தது.

இனி எண்ணிக்கை. தேடல் கருவி விடைகளை வரிசைப்படுத்துகிறது. மிக ஒத்தது முதலில், அடுத்தது அடுத்து. எந்த இடத்தில் 'ஒத்தது' முடிந்து 'ஒவ்வாதது' தொடங்குகிறது என்ற கோடு அந்த வரிசையில் கிடையாது. ஐந்நூறாவது விடையில் நிறுத்தினால் ஐந்நூறு, ஆயிரத்தில் நிறுத்தினால் ஆயிரம். செய்தித் தலைப்புக்கோ ஒரே ஒரு எண் வேண்டும். 2023 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் தெற்குக் காஸாவில் 2,000 பவுண்ட் குண்டுகளின் பள்ளங்களைத் தேடியபோது, பயிற்றப்பட்ட மென்பொருள் 1,600க்கும் மேற்பட்ட பள்ளங்கள் போன்றவற்றைக் காட்டியது. நிருபர்கள் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, நிழல்களையும் தண்ணீர்த் தொட்டிகளையும் கழித்து, குறுக்களவு சுமார் 40 அடியோ அதற்கு மேலோ உள்ள 208ஐ மட்டும் வெளியிட்டார்கள். ஒத்தவற்றைத் தேடும் கருவி அல்ல அது, பொருளைக் கண்டறியும் கருவி. இருந்தாலும் பாடம் ஒன்றுதான். அந்த 208 என்பது 'குறைந்தது 208'. கருவி தவறவிட்டவை எத்தனை என்று, கருவி காட்டியவற்றை மட்டும் சரிபார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

செங்கல் சூளைகளில் இந்த வேறுபாடு துல்லியமாகத் தெரிகிறது. பாகிஸ்தான், வட இந்தியா, நேபாளம், வங்கதேசம் வழியாக ஓடும் சூளைப் பட்டையில் கொத்தடிமை உழைப்பைப் பற்றி ஆராய்ந்த நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் 2018இல் 55,387 சூளைகள் என்று ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். அது கருவி தேடிக் கொடுத்த பட்டியல் அல்ல. சீட்டுக் குலுக்கியது போல் தேர்ந்த கட்டங்களை மனிதர்கள் படத்தில் பார்த்து எண்ணி, அதிலிருந்து மொத்தத்தைக் கணித்தார்கள். ஒரு சூளைகூட இல்லாத கட்டங்களும் அந்தக் குலுக்கலில் வந்தன. அதனால்தான் கணிப்பு நிற்கிறது. பின்னர் ஸ்டான்ஃபர்ட் குழு வங்கதேசத்திலும், ஐ.ஐ.டி. காந்திநகர்க் குழு இந்தியாவிலும் கணினியைப் பயிற்றி ஒவ்வொரு சூளைக்கும் இடம் குறித்தன. பள்ளிக்கு அருகில் இருக்கும் சூளைக்கு நோட்டீஸ் அனுப்ப அந்த இடக்குறிப்பு வேண்டும். ஒரு மாநிலத்தில் எத்தனை என்று சட்டமன்றத்தில் சொல்ல, குலுக்கல் வேண்டும். பழைய நீள்வட்டச் சூளைகள் செவ்வக ஜிக்ஜாக் சூளைகளாக மாறிக்கொண்டிருப்பதால், நீள்வட்டத்தை மாதிரியாகக் காட்டித் தேடுபவருக்கு ஆண்டுக்காண்டு சூளை குறைவது போலவே தெரியும்.

ஆகவே இந்தக் கருவிகளை வைத்து ஓர் எண்ணை வெளியிடுபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை விடைகளைச் சரிபார்த்தீர்கள் என்பதல்ல. கருவி வேண்டாம் என்று ஒதுக்கிய குவியலிலிருந்து எத்தனை கட்டங்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, அவற்றில் எத்தனை சூளை இருந்தன என்று பார்த்தீர்கள் என்பது. சலிப்பான வேலை, ஆயிரம் வெற்று வயல்களைப் பார்த்தால் ஒன்றில் புகைபோக்கி இருக்கலாம். ஆயிரத்தில் ஒன்று என்ற அந்த விகிதத்தை ஒதுக்கிய குவியலின் மொத்தக் கட்டங்களால் பெருக்கிய பிறகே வெளியிடும் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பிழை வரம்பை எழுத முடியும்.